‘லீச்சிங்’ என்பதற்கு ‘இறங்கல்’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழுவினருக்கும் குன்னூரிலிருந்து வணக்கம்.

காடியும் (வினிகர்) புளித்த தேநீர்ப் பானமான கொம்புச்சாவும் வீட்டிலேயே புளிக்கவைக்கத் தாமே கலன் செய்துகொள்வோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், கலனின் பொருள் உள்ளிருக்கும் நீர்மத்தில் சேர்ந்துவிடுவதை, அதாவது ஆங்கிலத்தில் ‘லீச்சிங்’ எனப்படுவதைக் ‘கசிவு’ என்று குறிக்கலாம் எனத் தாங்கள் சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கசிவு என்று படித்தவுடன் ஒருவர் கலனில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஓட்டையே இல்லாத கலன் தன்னையே சிறிது சிறிதாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணத்தில் வராது.

கொடைக்கானல் உறுப்பினர் சொன்ன ‘ஊறல்’ பொருளால் மிக நெருங்கிய சொல். ஆயினும் நாளிதழ்களில் அது சாராய ஊறலாகவே வாழ்கிறது. புளிக்கவைக்கும் கலனைப் பற்றிய நூலில் அச்சொல்லை வேறொரு பொருளில் வைத்தால் மயக்கம் தவிர்க்க முடியாதது. ‘கரைவு’ என்ற சொல் சர்க்கரை நீரில் கரைவதைக் குறிக்க வேண்டும். நெகிழி விதிகளில் இதே நிகழ்வுக்கு வரும் ‘மைக்ரேஷன்’ என்பதைப் ‘புலம்பெயர்வு’ ஆக்குவதற்கு மட்டும் நான் உறுதியாக மறுப்புச் சொல்கிறேன். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வைத் தொடங்கிய குடும்பங்கள் என் அண்டை வீட்டார். அவர்கள் பட்ட துயரத்தின் பெயரை ஒரு வாளியின் வேதியியலுக்கு எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘இறங்கல்’. இதை நான் ஆக்கவில்லை, கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பேரிக்காய்க் காடிக்காக ஒரு டிரம்மின் அடியில் பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்தினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது முதலில் வந்த காடி இளம்பச்சையாக இருந்தது. காடியிலுள்ள அசெட்டிக் அமிலம் பித்தளையின் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய உப்பின் நிறம் அது. நான் அதை விளக்கத் தொடங்குவதற்கு முன்பே என் தாயார், “களிம்பு இறங்கியிருக்கு, கீழே ஊத்து” என்று சொல்லிவிட்டார். டிகாக்‌ஷன் இறங்குகிறது, துணியில் சாயம் இறங்குகிறது, பெருமழையில் தோட்டத்து உரம் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்றெல்லாம் நாள்தோறும் சொல்கிறோம். இவற்றுள் உரத்தின் செய்தியை மண்ணியலார் ஆங்கிலத்தில் அதே ‘லீச்சிங்’ என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள் என்பது நமக்குக் கூடுதல் வலு.

இச்சொல்லின் இன்னொரு நன்மை, எது இறங்குகிறது என்று கேட்க வைப்பது. செம்பிறங்கல், துத்தநாக இறங்கல் என முன்னால் பொருளின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போகலாம். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் புளிப்பான நீர்மத்தை வைத்தால் பூச்சு கரைந்து, குடித்தவருக்கு வாந்தி வரும் என்பதை ஒரே தலைப்பில் சொல்லிவிடலாம். ஆனால் ‘ஈயம் இறங்கல்’ என்று எழுதும் இடத்தில் கவனம் வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று நாம் சொல்வதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம், நஞ்சாவது காரீயம். கடைசலுக்கு எளிதாக இருப்பதற்காகப் பித்தளையில் சேர்ப்பதும், சில பழைய பீங்கான் ஜாடிகளின் மெருகில் இருப்பதும் காரீயமே. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களை வாட்டிய வயிற்றுவலிக்குச் சாறு பிழியும் கருவிகளிலிருந்த காரீயமே காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767இல் காட்டினார். ஆகவே கையேட்டில் எவ்விடத்திலும் ‘ஈயம்’ என்று தனியாக எழுதாமல், காரீயம், வெள்ளீயம் என்று பிரித்தே எழுத வேண்டும் என வேண்டுகிறேன்.

கலனைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில், புளிப்பு, காலம், வெப்பம் ஆகிய மூன்றும் இறங்கலைக் கூட்டும் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். வெப்பம் குறைவு என்பதால் மலையில் கவலையில்லை என்று நினைப்பது தவறு. சமவெளியில் பத்து நாளில் முடியும் கொம்புச்சா என் வீட்டில் மார்கழிக் குளிரில் மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கிறது. அத்தனை நாளும் அது கலனைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி முதல் தேர்வு. எவர்சில்வரில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகை போதும். ஆனால் குளோரின் கலந்த வெளுப்பு நீரால் அதைக் கழுவக் கூடாது, காப்புப் படலத்தில் குழி விழும்.

நெகிழிக் கலனில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் அது உணவுக்கு ஏற்றது என்ற தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த எண், அது எந்த நெகிழி என்பதை மட்டுமே சொல்கிறது. பெயிண்ட் வந்த வாளியிலும் அதே எண் இருக்கலாம். கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறிதான் உணவுக்கு உரியதைக் காட்டும். இந்திய விதிப்படி உணவைத் தொடும் நெகிழியின் மொத்த இறங்கல் ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம் அளவைத் தாண்டக் கூடாது. இவ்வாக்கியத்தில் ‘மைக்ரேஷன்’ இருந்த இடத்தில் என் சொல்லை வைத்துப் பார்த்தேன்; இடறவில்லை.

‘இறக்கம்’ என்ற வடிவத்தை நான் தவிர்த்ததற்குக் காரணம், இங்கே அது மலைப்பாதையின் சரிவு. ‘இறங்காக் கலன்’ என்ற தொடர் அழகாக இருந்தாலும், எதுவுமே இறங்காத கலன் உண்டென்று வாக்களிப்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

அகராதிப் பதிவை இவ்வாறு அமைக்கலாமா என்று தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இறங்கல்: கலன், குழாய், மூடி முதலியவற்றின் பொருள், அவற்றைத் தொடும் நீர்மத்தில் சேர்தல். அவ்வாறு சேரும் பொருளை ‘இறங்குபொருள்’ என்று வினைத்தொகையாக எழுதுவதா, ‘இறங்கி’ என்று சுருக்குவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. இலக்கணம் அறிந்த தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.