நான்கு வயதுக் குழந்தையின் உடை: தேர்வு யாருடையது?

தென்றல் எழுதியது:

என் மகளுக்கு நான்கு வயது. ஆறு மாதங்களாகத் தனக்கு வேண்டிய உடையை அவளே அலமாரியிலிருந்து எடுத்து உடுத்திக்கொள்கிறாள். நேற்று பூப்போட்ட கவுனுக்குள் கோடுபோட்ட கால்சட்டை, கழுத்தில் என் பழைய துப்பட்டா, ஒரு காலில் மஞ்சள் காலுறை, மறு காலில் பச்சை. ஏன் இரண்டு நிறம் என்று கேட்டதற்குத் தன் ஷூக்களைக் கவிழ்த்துக் காட்டினாள். கால் மாறிப் போடக்கூடாதென்று வலது ஷூவுக்குள் மஞ்சள் ஒட்டுத்தாளும் இடதில் பச்சையும் நான்தான் எப்போதோ ஒட்டியிருந்தேன். நான் மறந்துவிட்டேன், அவள் அதற்குப் பொருத்தமாகக் காலுறை தேடியிருக்கிறாள். வீட்டுப் பெரியவர்களோ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்கிறார்கள். அவள் உடுத்தும் அழகைத் தினமும் படமெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்புகிறேன். அங்கேயும் இதே பேச்சு. அவள் போக்கில் விடுவதே சரி என்பது என் நிலைப்பாடு.

மழலை ஆசிரியை எழுதியது:

முப்பது ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையின் சொந்த ரசனை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி கடை அலமாரி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. பெண் குழந்தை இளஞ்சிவப்பை விரும்புவது இயற்கை என்று இன்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 1918இல் அமெரிக்கக் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு ஆண் குழந்தைக்கும் நீலம் பெண் குழந்தைக்கும் உரியது என்று எழுதியது. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1884இல், இரண்டரை வயதில், வெள்ளைப் பாவாடையும் நீண்ட கூந்தலுமாக அமர்ந்திருக்கும் படம் இன்றும் இருக்கிறது. காலத்துக்கேற்ப மாறும் ஒன்றைக் குழந்தையின் உள்ளிருந்து எழுவதாக எண்ணி ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, நான் கண்ணால் கண்டது. ஒரு சிறுமி முதுகில் சிறு பொத்தான்கள் வரிசையாக வைத்த உடையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டு வந்தாள். கழிவறைக்குப் போன இடத்தில் கை பின்னால் எட்டவில்லை, யாரையும் கூப்பிடவும் வெட்கப்பட்டாள். ஈரத்தோடு மூலையில் நின்ற அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தேர்வைக் குழந்தையிடம் விட்டதால் யாருக்கு என்ன லாபம்?

தென்றல் எழுதியது:

அம்மா, அந்தக் குழந்தையை நினைத்து எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அங்கே தவறு தேர்ந்தெடுத்தவளுடையது அன்று; தானே கழற்ற முடியாத உடையை அலமாரியில் வைத்த பெரியவர்களுடையது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் பள்ளிகளில் பொத்தான், கொக்கி, நாடா ஆகியவற்றைப் போட்டுப் பழக மரச்சட்டங்களில் துணி பொருத்திக் கொடுத்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தானே உடுத்திக்கொள்வதை அவர் கல்வியாகவே கருதினார்.

ரசனை வெளியிலிருந்து வருகிறது என்பதையும் மறுக்கவில்லை. மொழியும் வெளியிலிருந்துதான் வருகிறது. அதற்காகக் குழந்தை பேசும் வாக்கியம் அவளுடையது இல்லை என்று சொல்வோமா? ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை குழந்தை பழகுவது தன்னாட்சியா, வெட்கமும் ஐயமுமா என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதினார். அதற்கடுத்த பருவத்தில், குழந்தை தானாகத் தொடங்கும் முயற்சியைத் தடுத்தால் குற்ற உணர்வு வளரும் என்றார். என் மகள் இப்போது நிற்பது அங்கேதான்.

இரு மகள்களின் தந்தை எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது உடை அன்று, அந்தப் படங்கள்தான். என் மூத்தவள் விஷயத்தில் நானும் அதையே செய்தேன். ஒரு நாள் காலை அவள் கையில் கவுனை வைத்துக்கொண்டு, "இதைப் போட்டால் படம் எடுப்பீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அதை அப்படியே கீழே போட்டுவிட்டாள். அதுவரை உடுத்துவது அவளுக்கு விளையாட்டு. அன்றுதான் அது எங்களுக்காக நடத்தும் காட்சியாகிவிட்டதை உணர்ந்தேன்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. வரைவதில் ஆர்வமுள்ள மழலையரில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முதலிலேயே சொல்லி, வரைந்தபின் அதைக் கொடுத்தார்கள். பின்னர் தாமாக விளையாடும் நேரத்தில், வெகுமதியே பெறாதவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே இவர்கள் வரைந்தார்கள். பாராட்டு மழையும் சிறு பிள்ளைக்கு அப்படியொரு சான்றிதழ்தான் என்பது என் அச்சம்.

தென்றல் எழுதியது:

அந்த ஆய்வில் மூன்றாவது குழுவும் இருந்ததே, ஐயா. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. எனவே என் படங்கள் தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தினமும் எடுத்தால் அது எதிர்பாராததாக எப்படி இருக்கும் என்று நேற்றிரவு யோசித்துக்கொண்டே இருந்தேன். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஊசிநூல் எழுதியது:

குழந்தைகளுக்கு உடை தைப்பவள் நான். கழுத்தில் துப்பட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். உடையின் கழுத்துக் கயிறு சறுக்குமரத்தில் மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்ததால், மேலுடைகளின் தலைப்பகுதியிலும் கழுத்திலும் இழுகயிறே வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் கழுத்தில் எதுவும் தொங்க விடுவதில்லை. ஒரே கவுனையே பிடிவாதமாகக் கேட்கும் குழந்தை வந்தால் முதலில் உடையைப் புரட்டிப் பார்ப்பேன். மற்ற உடைகளின் உட்தையலோ கழுத்துப் பட்டையோ அவளுக்குக் குத்திக்கொண்டிருக்கும்; அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை இருக்காது.

மழலை ஆசிரியை எழுதியது:

தைப்பவர் சொன்னதை நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன்; பிடிவாதம் என்று நான் கடிந்துகொண்ட சில குழந்தைகளை இப்போது வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் துக்க வீட்டுக்குப் போகும்போதும் மினுமினுக்கும் உடைதான் என்று குழந்தை நின்றால், அங்கே பெரியவர் சொல்வதே நடக்க வேண்டும். பிறர் மனம் அறிந்து உடுத்துவதும் அவள் கற்க வேண்டியதுதானே? இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

தென்றல் எழுதியது:

அங்கே ஏன் மினுமினுப்பு வேண்டாம் என்பதை அவளுக்குச் சொல்லி, இரண்டு உடைகளைக் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்வேன் அம்மா. இதில் நாம் ஒத்துப்போகாமலே இருக்கலாம். இன்று காலை துப்பட்டா கழுத்தில் வேண்டாம், மாட்டிக்கொள்ளும் என்று மகளிடம் சொன்னேன். சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை நான்காக மடித்துத் தன் பொம்மைக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை தன்னைப் பார்த்துச் சிரித்தாள். கைபேசி மேசையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை.