வெள்ளவத்தை வீடு குழு: வியாழன் இரவு

குமரன், 7.12
எல்லோருக்கும் ஒரு விஷயம். அப்பப்பாவின் போட் ட்ரெய்லரை இன்று பின்னேரம் வெளியே இழுத்துப் பார்த்தேன். ஒழுங்கை முனையில் மேடு ஏறும்போது கிறீச்சென்று ஒரு சத்தம், இறங்கும்போது டொக்கென்று ஒன்று. முன்வீட்டு அன்ரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டா. திங்கள் விடிய 5 மணிக்கு இப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாது.

குமரன், 7.12
(வீடியோ)

ராஜி அக்கா, 7.15
ஐயோ என்ன சத்தம் இது

ராஜி அக்கா, 7.15
அந்தப் பிள்ளை பிறந்து இன்னும் 31 நாள் கூட முடியவில்லை

சித்தப்பா, 7.19
போன வருஷமே விற்கச் சொன்னேன்.

அம்மா, 7.20
தம்பி, ஞாயிற்றுக்கிழமை திவசம் முடியட்டும். இப்போது அந்தக் கதை வேண்டாம்.

சேகர் டொரண்டோ, 7.24
டபிள்யூடி-40 ஸ்பிரே அடி மச்சான். 5 நிமிஷ வேலை

பெரியப்பா, 7.41
வீடியோவை மூன்று தரம் கேட்டேன். அது இரண்டு வேறு சத்தம், ஒன்றாக நினைக்க வேண்டாம். கிறீச் என்பது ஸ்பிரிங் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவது. நாலு தகடும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும், இடையில் துரு ஏறினால் சறுக்காமல் கத்தும். டொக் என்பது ஸ்பிரிங் முனை வளையத்துக்குள், அதாவது கண்ணுக்குள், இருக்கும் புஷ் என்ற சின்னக் குழாய் தேய்ந்து போல்ட் ஆடுவது, இல்லாவிட்டால் ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து அக்சில் நகர்வது. கிறீச் காதுக்குத்தான் கெடுதல். டொக்தான் எனக்குப் பயம். சேகர், நீ சொன்னது துருப்பிடித்த நட்டைக் கழற்ற நல்லது, தகடுகளுக்கு நடுவில் நிற்காது. இரண்டு நாள் சத்தம் அடங்கும், பிறகு பழையபடி.

சேகர் டொரண்டோ, 7.43
ஓகே பெரியப்பா

தெஹிவளை மாமி, 7.45
திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை அல்லவா? ஞாயிறு அண்ணாமார் அப்பாவுக்குத் திவசம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் மீன் பிடிக்கவா போகிறீர்கள்?

குமரன், 7.46
மீன் பிடிக்க இல்லை மாமி. தூண்டில் எடுக்கவே மாட்டோம். சேகர் அண்ணாவின் பிள்ளைகள் அப்பப்பாவின் போட்டில் ஒருமுறையும் ஏறவில்லை, செவ்வாய் இரவு அவர்களுக்குப் பிளேன். பொல்கொட ஏரியில் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

தெஹிவளை மாமி, 7.48
சரி. தண்ணீரில் கவனம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

ராஜி அக்கா, 7.48
மாமி, திவசச் சமையலுக்குப் பெரிய சருவப் பாத்திரம் உங்களிடமா?

தெஹிவளை மாமி, 7.49
என்னிடம் இல்லை. கடைசியாகச் சின்னவன் வீட்டுக்குத்தான் போனது

சித்தப்பா, 7.50
எங்கள் வீட்டில் இல்லை.

பெரியப்பா, 8.02
குமரன், பின்பக்கம் ஸ்பிரிங் முனை எப்படி இருக்கிறது? சுருண்டு கண்ணாக இருந்து ஷெக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறதா, தட்டையாக இருந்து கொக்கிக்குள் சறுக்குகிறதா? தட்டை என்றால் வெறும் ட்ரெய்லரை இழுக்கும்போது தட்டுவது சாதாரணம். படம் போடு.

குமரன், 8.09
(படம்)
இரண்டு முனையும் கண்தான். உள்ளே வெள்ளையாக ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் தேய்ந்து ஓட்டை முட்டை மாதிரி நீண்டுவிட்டது. யூ போல்ட்டில் துரு செதில் செதிலாக வருகிறது.

பெரியப்பா, 8.26
அதேதான். நைலோன் புஷ். நாலு கண்ணுக்கும் புதிது போடு, ஷெக்கிள் போல்ட்டையும் மாற்று, யூ போல்ட்டைத் திருப்பிப் பாவிக்காதே. சனிக்கிழமை காலையே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போ. ஞாயிறு எல்லோரும் திவச வேலையில் இருப்போம், திங்கள் கடை பூட்டு. பழைய புஷ்ஷையும் ஒரு யூ போல்ட்டையும் கையில் கொண்டு போ, வாயால் அளவு சொல்லி வாங்கினால் திரும்பவும் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை போய் ஓட்டோ பிடிக்க வேண்டி வரும்.

கழற்றும்போது மோட்டாரை முதலில் இறக்கி வை. மற்றப் பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. ஜாக்கால் தூக்கிய பிறகு சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வை, ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் உள்ளே குனியக்கூடாது. சில்லு தொங்கினால் தகடுகள் கொஞ்சம் விலகும், அப்போது கம்பி பிரஷ்ஷால் துருவை எடு. ஒரு பக்கம் பூட்டி முடித்த பிறகு மற்றப் பக்கம், இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அக்சில் இடம் மாறிவிடும். ஷெக்கிள் நட்டை முறுக்கி இறுக்கிவிடாதே, அது ஆடத்தான் வேண்டும், ஆடாவிட்டால் அதுவும் கத்தும். தகடுகளுக்கு நடுவில் மெல்லிய எண்ணெய் விட்டுத் துடை. வெளியே கிறீஸ் அப்பினால் மண் ஒட்டி அரத்தைப் போல அராவும். கராஜ் பாஸ்மார் பழைய எஞ்சின் ஓயில் பூசச் சொல்வார்கள், வேண்டாம், ட்ரெய்லரை இறக்கினதும் அவ்வளவும் ஏரித் தண்ணீரில் மிதக்கும்.

தகட்டில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் விட்டு மறைக்காமல் எனக்குச் சொல். ஒன்று உடைந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

அம்மா, 8.28
அத்தான், இதை அவன் தனியாகச் செய்வானா?

பெரியப்பா, 8.30
நான் வருகிறேன். குனிய ஏலாது, கதிரை போட்டு இருந்து சொல்வேன்.

குமரன், 8.31
கட்டாயம் வாங்கோ பெரியப்பா

ராஜி அக்கா, 8.33
ஐயர் 9 மணி என்றாரா 10 மணி என்றாரா?

அம்மா, 8.33
9. ஆனால் திரும்பக் கேட்க வேண்டும்

சித்தப்பா, 8.40
இவ்வளவு காசு போட்டுத் திருத்தி வருஷத்துக்கு ஒருமுறை ஏரியில் விடவா? அந்த இடத்தில் ஒரு வான் நிறுத்தலாம்.

பெரியப்பா, 8.52
தம்பி, விற்பதா வைப்பதா என்று திவசத்துக்குப் பிறகு எல்லோரும் இருந்து கதைப்போம். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா ஒவ்வொரு தரமும் வந்த களைப்போடு முதலில் ட்ரெய்லருக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார், நல்ல தண்ணீர் இரண்டு வாளி, அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும். நீர்கொழும்பில் களப்பு உப்பு, பொல்கொடையும் பாணந்துறையில் கடலோடு சேருகிறது. போன சித்திரைக்கு நாங்கள் நீர்கொழும்பு போய் வந்து அப்படியே தள்ளி வைத்தோம். நானும்தான் ஊற்றவில்லை. இந்தத் துரு அந்த ஒரு நாளுடையது, அதை நினைக்க எனக்கு மனசு சரியில்லை.

சேகர் டொரண்டோ, 8.55
பெரியப்பா 🙏

தெஹிவளை மாமி, 8.57
அப்பா அந்த வாளியை வேறு எதற்கும் தொட விடமாட்டார்

தெஹிவளை மாமி, 8.57
நீல வாளி

ராஜி அக்கா, 8.58
அது இன்னும் குளியலறைக்குப் பின்னால் இருக்கிறது

குமரன், 9.10
பெரியப்பா, ஸ்பனர் பெட்டி எங்கே? இங்கே ஒரு ஜாக் மட்டும்தான் இருக்கிறது.

(9.34 வரை ஒருவரும் பதில் போடவில்லை)

அம்மா, 9.34
வாழை இலை 60 போதுமா?

தெஹிவளை மாமி, 9.36
75 எடு

சித்தப்பா, 9.51
பெட்டி என்னிடம். அப்பா காலமான கிழமை நான்தான் எடுத்தேன், வேறு ஒன்றும் எடுக்கவில்லை. நாளை இரவு டபுள் கெப் பிக்கப்பில் கொண்டு வருகிறேன். 21ஆம் நம்பர் ஸ்பனர் இல்லை, பஞ்சிகாவத்தையில் அதையும் வாங்கு.

குமரன், 9.52
நன்றி சித்தப்பா. திங்கள் இழுக்கவும் டபுள் கெப் தருவீர்களா?

சித்தப்பா, 9.58
பார்ப்போம்.

பெரியப்பா, 10.05
திங்கள் புறப்பட முதல் ட்ரெய்லரின் முன் கொளுவியில் இருந்து இரண்டு சில்லின் நடுவுக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளம் இல்லை என்றால் அக்சில் கோணல். போய் வந்ததும் யூ போல்ட்டை இன்னொரு தரம் இறுக்க வேண்டும், புதிது கொஞ்சம் தளரும்.

ராஜி அக்கா, 10.06
சருவம் யாரிடம் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை