அளவியல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி வந்திருக்கும் டெல்டா பிள்ளைகளுக்கு

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே களத்தில் சம்பா நெல் காய்கிறது. போன அக்டோபரில் மன்னார்குடியிலிருந்து ஜெர்மனிக்குப் போன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, துல்லிய அளவீட்டில் பி.எச்டி. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உருப்படியாக ஓர் அளவுகூட எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காத்திரு, காத்திரு என்கிறார்கள். தப்பான துறைக்கு வந்துவிட்டேனா?"

இல்லை தம்பி, சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் ஹீட்டிங் செலவு சேர்க்காத வாடகை. ரேடியோ, டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். நான்கு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவர் கட்டினால் போதும்.

அப்புறம் அந்தக் காத்திருப்பு. என் முதல் மாதத்தில் 100 மி.மீ. ஸ்லிப் கேஜ் ஒன்றை, அதாவது நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையை, பெட்டியிலிருந்து வெறுங்கையால் எடுத்து, நன்றாகத் துடைத்து, நீளத்தை ஒப்பிட்டுக் காட்டும் கம்பரேட்டரில் வைத்தேன். முள் நிற்கவே இல்லை, மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. கருவியில்தான் கோளாறு என்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து முள் நின்றது. அதுவரை நான் அளந்தது என் கைச்சூட்டை.

எஃகு, ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11.5 மைக்ரான் நீளும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைபட்டு 2 டிகிரி ஏறினாலே 100 மி.மீ. கட்டை 2.3 மைக்ரான் கூடிவிடும். அந்தக் கட்டைக்கு அனுமதித்த பிழையோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதனால்தான் உலகம் முழுக்க நீளத்தை 20 டிகிரியில் சொல்வது என்று 1931-லேயே முடிவு செய்தார்கள். சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது தஞ்சாவூர்ப் பட்டறையில் எஃகுத் துண்டை எஃகு அளவுகோலால் அளந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும், பெரிய வம்பில்லை. அலுமினியத்தை அளந்தால் 100 மி.மீட்டருக்கு 20 மைக்ரான் தப்பு வரும். விமான எஞ்சின் பாகத்துக்கு அது தாங்காது.

எண்ணைவிட அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் நம் தொழில். நிச்சயமின்மை, ஆய்வகத்தில் எல்லோரும் சொல்லும் அன்சர்ட்டனிட்டி, அதுதான். எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அப்பா அம்பாரம் கட்டி வைத்திருந்தார். மேலிருந்து அள்ளிய கைப்பிடி 16 காட்டியது. அடியிலிருந்து அள்ளியது 19. சீட்டில் 19 மட்டும் எழுதினார்கள். மூன்று நாள் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்தோம். எங்கிருந்து எடுத்தாய், எத்தனை முறை எடுத்தாய், கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தாய் என்று கேட்க அன்று யாருக்கும் தெரியவில்லை. இன்று என் மாணவர்களிடம் முதல் நாளே அதைத்தான் கேட்கிறேன்.

பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தார்கள் என்றும், அது ராஜகேசரி மரக்காலோடு ஒக்கும் என்றும் வெட்டியிருக்கிறது. எந்த மரக்கால், அது எதோடு ஒக்கும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் ஆயிரம் வருடமாக இருக்கிறது. பிரான்ஷ்வைக்கில் இருக்கும் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி. வரை, உங்கள் கருவியை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சரிபார்த்த சங்கிலி அறுபடாமல் போகிறதா என்று கேட்பதும் இதே கேள்விதான்.

தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது ஒரு கருவியை மட்டும் கட்டிக்கொள்ளாதீர்கள். 3டி பிரின்ட்டிங்கில் வரும் பாகங்களின் உள்ளே நெளிந்து போகும் குழாய்களை தொட்டுத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். இயந்திரத்தின் ஊசியால் எட்ட முடியாது. எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன்தான் வழி. ஆனால் அதில் கிடைக்கும் அளவு உலோகத்தின் தடிமனைப் பொறுத்தும், விளிம்பு எது என்று மென்பொருள் தீர்மானிப்பதைப் பொறுத்தும் மாறும். அதற்கு உறுதியான நிச்சயமின்மை சொல்வது இன்னும் கஷ்டமான வேலை. துணிந்து இறங்கலாம்.

வேலை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்க முனைவர் பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் என்று பொதுவாக ஒரு வரம்பு உண்டு. தொழில்சார் கல்லூரிகளில் பேராசிரியராக 5 வருட அனுபவம் வேண்டும், அதில் 3 வருடம் கல்லூரிக்கு வெளியே. ஆகவே பட்டம் வாங்கியதும் ஆய்வகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்காமல், இயந்திரம் செய்யும் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு வாருங்கள். அங்கே தொழிலாளியோடு பேச ஜெர்மன் தெரிய வேண்டும். முதல் வருடமே வகுப்பில் சேருங்கள். இதைத் தள்ளிப்போட்டு இரண்டு வருடத்தை நான் இழந்தேன்.

மன்னார்குடித் தம்பிக்கு ஒரு வேலை. ஒரு ஸ்லிப் கேஜை ஒரு நிமிடம் கையில் பிடித்துவிட்டு கம்பரேட்டரில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள், நிற்கும்வரை. அந்த வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். 25-ம் தேதி திரும்புகிறேன். பெட்டியில் 4 கிலோ இடம் இருக்கிறது. வீட்டில் அம்மா ஏதாவது கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், போகிற வழியில் வாங்கிக்கொள்கிறேன்.