அம்மாவின் சேமலாப நிதி: பெயர் மாறிக் கிடக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் இலங்கையில் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். அம்மா 27 வருஷம் கொழுந்து எடுத்தவர். 50 வயது தாண்டி நின்றுவிட்டார். பெண்களுக்கு 50 வயதிலேயே ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாம் என்பது தெரியும்.

சிக்கல் பெயரில். அடையாள அட்டையில் "முத்தம்மா", தோட்டப் பதிவில் "முத்துலெட்சுமி". சின்ன வயதில் பேர் பதியும்போது கணக்கப்பிள்ளை (தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர்) எழுதியதுதான் நின்றுவிட்டது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மலையில் கொழுந்து எடுப்பது முக்கால்வாசி பெண்கள். பேர் எழுதுவதும் நிறுப்பதும் எப்போதும் ஆண்கள். தன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். படிவம் சிங்களத்தில் மட்டும் கொடுத்தார்கள். 1987இலிருந்து தமிழும் ஆட்சிமொழி என்று சொன்னேன், "அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு பஸ் காசும் ஒரு நாளும் போகிறது.

இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்தால் போதுமா, கிராம சேவகர் கடிதமும் வேண்டுமா? தோட்டத்துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையெழுத்து கட்டாயமா? சேவைக்காலப் பணம் (வேலையை விட்டதும் தோட்டம் தருவது) வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்கிறார்கள். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட நாட்கள் அதில் குறையுமா?

இதே சிக்கலை முடித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தமிழில் படிவம் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போட்டாலும் பெரிய உதவி. பக்கத்து லயத்திலும் (வரிசை வீட்டிலும்) மூன்று அக்காமார் இப்படியே காத்திருக்கிறார்கள்.