மறு: ‘படிவு’ வேண்டாம், ‘திட்டு’ என்று வைக்கலாம்

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் plaque என்ற ஆங்கில மருத்துவச் சொல்லை பிளேக் என்று அப்படியே எழுதினால் எலியால் பரவும் கொள்ளைநோயோடு (plague) குழம்பும். அதனால் ‘படிவு’ என்றே வைக்கலாம் என்று ஐயா எழுதியிருந்தார். தமிழ்ச்சொல் வேண்டும் என்பது சரி. ஆனால் படிவு பொருந்தாது.

சோரியாசிஸ் என்ற தோல்நோயில் வெளியிலிருந்து எதுவும் வந்து படிவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய மேல்தோல் சில நாளிலேயே வளர்ந்து குவிகிறது; முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதிலோடு தடித்து நிற்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நிலைமை நேர்மாறு. நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறை அழிந்து தழும்பேறிய இடமே அங்கே பிளேக். அழிந்துபோன இடத்தைப் படிவு என்று எப்படிச் சொல்வது? அல்சைமர் என்னும் மறதிநோயில்தான் நிஜமாகவே அமிலாய்டு புரதம் நரம்பணுக்களுக்கு இடையே சேர்கிறது.

சரி, தமனிக்காவது பொருந்துமா? கும்பகோணத்தில் ஆஞ்சியோ (இதயத் தமனிகளைப் படமெடுக்கும் சோதனை) அறிக்கைகளை நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. அணைக்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இதயத் தமனியில் படிவு என்றதும், “வண்டல்தானே தம்பி, மேட்டூர் திறக்குறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாருற மாதிரி வாரிட முடியாதா?” என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டிக் கிடப்பதில்லை. உள்ளுறைக்கு அடியில், சுவருக்குள்ளேயே சேர்ந்து புடைக்கிறது. அதன் மேல்மூடி கிழிந்தால் இரத்தம் உறைந்து மாரடைப்பு. அடைப்புக்கு வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்கூட அதை வெளியே எடுப்பதில்லை, சுவரோடு அழுத்தி வழி உண்டாக்குகிறது.

‘தகடு’ என்றால் எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு ‘திட்டு’. சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும் இடம். கொள்ளிடத்தில் முதலைமேடு திட்டு என்று ஊரே இருக்கிறது. எதனால் உண்டானது என்று இந்தச் சொல் சொல்வதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான். தோல் திட்டு, தமனித் திட்டு, அமிலாய்டு திட்டு.

தோலில் தட்டையான நிறமாற்றத்தையும் திட்டு என்கிறார்களே என்று கேட்கலாம். அதற்குத் தேமல் இருக்கிறது. தொழுநோய் விழிப்புணர்வுப் பலகைகளில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்றே எழுதுகிறார்கள். அப்புறம், பல்லுக்கு இதைத் திணிக்க வேண்டாம். அது நுண்ணுயிர்ப் படலம். பற்படலம் போதும், இறுகினால் காரை.

‘மயலின் இழந்த திட்டு’ மட்டும் நீளமாகத் தெரிகிறது. நரம்பியல் பக்கம் இருப்பவர்கள் சுருக்கித் தந்தால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.