எருதுபோல் திரும்பும் வரிக்கு என்ன பெயர்?

அன்பின் குழுமத்தாருக்கு,

பள்ளி மாணவர்களுக்காக உலக எழுத்துமுறைகளைப் பற்றிய நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கிரீட் தீவின் கோர்ட்டின் நகரச் சட்டக் கல்வெட்டில் வந்து நின்றுவிட்டேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் 12 பத்திகளில் ஏறத்தாழ 600 வரிகள் உள்ளன. ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடினால், அடுத்தது அது முடிந்த முனையிலேயே தொடங்கி வலப்பக்கம் திரும்புகிறது. எழுத்துகளும் கூடவே முகம் திருப்பிக்கொள்கின்றன: எகர ஒலிக்குரிய எழுத்து தன் மூன்று கைகளையும் ஒரு வரியில் வலப்புறமும் மறு வரியில் இடப்புறமும் நீட்டி நிற்கிறது. உழும் எருது திரும்புவதுபோல் என்னும் பொருளில் கிரேக்கத்தில் இதற்குப் பூஸ்ட்ரோபெடோன் என்று பெயர். "இருதிசை எழுத்து" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மலர்விழி

*

மலர்விழி அம்மா,

"இருதிசை" வேண்டாம். அரபும் தமிழும் ஒரே வரியில் கலந்து வருவதைக் கணினியில் கையாளும் முறைக்கு அச்சொல்லை ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். "எழுத்து" என்பதும் வேண்டாம். வட்டெழுத்து என்றால் எழுத்தின் வடிவம். "உழவெழுத்து" என்றால் உழவர்கள் எழுதிய ஏதோ தனி எழுத்து என்றே மாணவர் கொள்வர். ஆந்திரத்து எர்ரகுடியில் அசோகரின் சிறுபாறைக் கட்டளையில் சில வரிகள் இவ்வாறு திரும்பி ஓடுகின்றன. எழுத்து என்னவோ அதே பிராமிதான். மாறுவது வரியின் நடை. ஆகவே பெயர் "நடை" என்று முடியட்டும்.

கதிரவன்

*

அன்புடையீர்,

எருதின் நடையிலிருந்து எழுத்துக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளுள் (எழுத்துகளை ஓர் உருவமாக அமைத்துப் பாடும் செய்யுள்களுள்) கோமூத்திரி ஒன்று. நடந்துகொண்டே எருது பெய்த நீர் மண்ணில் விடும் நெளிகோட்டால் வந்த பெயர் அது. ஆயினும் அதை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். கோமூத்திரியில் கண் மேலடிக்கும் கீழடிக்கும் மாறி மாறி ஏறி இறங்குகிறதேயன்றித் திசை மாறுவதில்லை, சொல்லும் வடசொல்.

வில்லேர் உழவர், சொல்லேர் உழவர் என்று வள்ளுவர் (குறள் 872) காட்டிய வழியில் "மீளேர்" என்று சொல்லலாம். மீள்கின்ற ஏர், வினைத்தொகை. வில், சொல் ஆகியவற்றில் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தது. மீள் என்பதில் நெடில் வருவதால் இரட்டாது. இலத்தீனில் செய்யுளடியைக் குறிக்கும் "வெர்சுஸ்" என்பதும் திரும்புதல் என்னும் வினையடியாகப் பிறந்து, படைச்சால் எனப்படும் ஏர் உழுத தடத்தையும் குறித்த சொல்லே. ஏரும் அடியும் அங்கேயும் ஒன்றாகவே நடக்கின்றன.

அரங்கசாமி

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

வள்ளுவர் சொன்னது வில்லாகிய ஏர். தாங்கள் சொல்வது மீள்கின்ற ஏர். முன்னது உருவகம், பின்னது வினைத்தொகை. குறள் இதற்குத் துணை வராது.

என் ஐயம் வேறு. எங்கள் அப்பா நாட்டுக் கலப்பையால் உழுததை வரப்பில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். வயலின் ஒரு பகுதியை விளாவாக வளைத்துக்கொண்டு, அதற்குள் சுற்றிச் சுற்றித்தான் உழுவார். இந்த ஓரம் போன மாடு எதிர் ஓரமாகத் திரும்பும். விளா உட்பக்கமாகக் குறுகிக்கொண்டே போகும். உழுது போன தடத்தை ஒட்டியே உடனே திரும்புவதற்கு மாட்டுக்கும் கலப்பைக்கும் இடம் போதாது. ஏர் என்று பெயர் வைத்தால், எங்கள் ஊர்ப் பிள்ளை முதல் வரிக்கு அடுத்துக் கடைசி வரியைத் தேடும். கிரேக்க எருதை நம் வயலில் இறக்க வேண்டுமா? "மாறுதிசை நடை" போதும்.

பொன்னி

*

பொன்னி அக்கா சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் "மாறுதிசை" என்றால் எழுத்தின் முகம் திரும்புவது தெரியாது. மேலும், ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ பலகைகளில் வரிக்கு வரி எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன; வரி முடிந்ததும் பலகையையே அரைவட்டம் திருப்பிப் படிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லவும் பெயரில் இடம் வேண்டும்.

கதிரவன்

*

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் "மீளேர்" என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "மீ, ளேர்" என்று பிரித்துப் படித்தார்கள். "ஏர்த்திருப்பம்" என்றதும் ஒரு மாணவி விரலால் மேசையில் வளைத்துக் காட்டினாள். அதனால் கோர்ட்டினுக்கு "ஏர்த்திருப்ப நடை", ரொங்கோரொங்கோவுக்குத் "தலைகீழ் ஏர்த்திருப்ப நடை" என்றே அனுப்புகிறேன். பொன்னி அக்காவின் விளாவை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

மலர்விழி

*

அடிக்குறிப்பு தேவைப்படுகிற பெயர் பாதிப் பெயர்தான், அம்மா. சொற்பட்டியலில் "மாறுதிசை நடை" என்பதையும் மாற்றுச் சொல்லாகக் கொடுங்கள்.

பொன்னி

*

"மீளேர்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஆசிரியர் வேலையே.

அரங்கசாமி