ரியால் தே கத்தோர்சே திருவிழா: போகிறவர்கள் கவனத்துக்கு

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

மெக்சிகோவின் பழைய சுரங்க மலையூரான ரியால் தே கத்தோர்சேயில் அக்டோபர் 4 நடக்கும் புனித பிரான்சிஸ் திருவிழாவுக்கு மோன்டெர்ரேயிலிருந்தும் டெக்சாசிலிருந்தும் கிளம்புகிறவர்கள் வழி கேட்டிருந்தீர்கள். நெடுஞ்சாலை 57-இல் மத்தேவாலா நகர் வரை சிரமமே இல்லை. பெட்ரோல் நிரப்புவதையும் கையில் பெசோ எடுத்துக்கொள்வதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அடுத்து வரும் செத்ரால் ஊரைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கல் பாவிய மலைச்சாலை, சுமார் 25 கி.மீ. மத்தேவாலாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

சாலை முடிகிற இடத்தில், மலையைக் குடைந்து ஊருக்குள் செல்லும் ஓகாரியோ சுரங்கப்பாதை. 1901-இல் திறந்தது, 2.3 கி.மீ. நீளம், ஒரு வண்டி போகும் அகலம்தான். இரு வாயிலிலும் ஆள் நின்று, ஒரு பக்கத்து வண்டிகள் வெளியேறிய பிறகே மறுபக்கத்தை விடுவார்கள். பெரிய பஸ் நுழையாது. வாயிலில் இறங்கிச் சின்ன பஸ்ஸுக்கு மாறவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் சொந்தக் கார் உள்ளே போகும் என்று நம்பவே வேண்டாம். வெளியே நிறுத்திவிட்டு நடக்கத் தயாராக வாருங்கள். விடியலில் போய்ச் சேர்வது உத்தமம். (ஓகாரியோ என்பது சுரங்க முதலாளிக் குடும்பம் ஒன்றின் ஸ்பானியப் பூர்வீக ஊர். பிறந்த மண்ணின் பெயரை மலைக்குள் பொறித்துவைத்த அந்தப் பாசம் நமக்குப் புரியும்.)

ஊர் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும், இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி அவசியம். மாதா கோயிலில் ‘பஞ்சீத்தோ’ என்று செல்லமாக அழைக்கப்படும் பிரான்சிஸ் சொரூபத்தைப் பாருங்கள். நோய் தீர்ந்தவர்கள், விபத்தில் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாக வைத்த சின்னச் சின்னத் தகர ஓவியங்களை நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மேற்கே, அதே நகராட்சியில் அடங்கிய எஸ்தாசியோன் கத்தோர்சே ரயிலடிக்கு இறங்க பழைய வில்லிஸ் ஜீப்தான் சரி. 800 மீட்டருக்கு மேல் இறக்கம், கரடுமுரடான பாதை. சாதாரணக் காரில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும், அடிப்பாகமும் கல்லில் இடிக்கும்.

கீழேயுள்ள பாலைநிலம் விரிகுத்தா, விஹாரிகா என்ற பழங்குடி மக்களின் புனித நிலம். அவர்களின் யாத்திரை வழி 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மதிமயக்கம் தரும் பெயோட்டே கள்ளியை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், பிடுங்காதீர்கள். பழங்குடியினரின் சடங்கைத் தவிர மற்றவர்களுக்கு அது குற்றம். மிக மெதுவாக வளரும் செடி; வேரோடு பிடுங்கினால் திரும்பத் துளிர்க்காது. கெமாதோ என்ற புனிதக் குன்றின் உச்சியில் விஹாரிகா மக்களின் காணிக்கைகள் கிடக்கும், ஒன்றையும் தொடாமல் வாருங்கள்.